கிணற்றடி நீதி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையினுள் தேங்கும் மழைநீரே கோப்பாயின் தோட்டங்களுக்கும் குடங்களுக்கும் உயிர். ஆகவே, கிணறு எவருடையதோ, அதிகாரமும் அவர் கையிலேயே இருந்தது.

யூதரின் வேதமாகிய தோராவும் வறண்ட நிலத்தில் பிறந்த நூலே. ஈசாக்கின் வேலையாட்கள் தோண்டிய இரு கிணறுகளுக்கு அயல் மேய்ப்பர் உரிமை கோரினர்; அவை ‘பூசல்’, ‘பகை’ எனப் பொருள்படும் பெயர்களைப் பெற்றன. வழக்கற்ற மூன்றாவது கிணறே ‘அகன்ற இடம்’ எனப்பட்டது. மீதியான் நாட்டுக் கிணற்றடியிலோ, பெண்களை விரட்டிய மேய்ப்பரை எதிர்த்து நின்று, அப்பெண்களின் மந்தைக்கு நீர் வார்த்தான் மோசே. பின்வந்த தல்மூத் அறிஞர் தோராவையே நீருக்கு ஒப்பிட்டனர்: நீர் மேட்டை விட்டுப் பள்ளம் நாடுவதுபோல, ஞானமும் தாழ்மையுள்ளோரிடமே தங்கும் என்றனர்.

பீற்றர் பேர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையுடன் யாழ்ப்பாணத்தில் ஆக்கிய தமிழ் விவிலியம் 1850இல் வெளிவந்தது. இக்கதைகள் அன்றே நம் மொழியில் ஒலித்தன. ஆயினும் பஞ்சமர் எனப்பட்டோர், யாரேனும் இரங்கி நீர் வார்க்கும்வரை, வெறுங்குடத்துடன் கிணற்றடியில் காத்து நின்றனர். சாதித் தடைகளைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேதான் பிறந்தது. அதன் பின்னரும், 1960களில், ஆலய வாயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் மக்கள் போராடியே உரிமை பெற வேண்டியிருந்தது.

பாறை வெடிப்புகளினூடே கிணற்றுக்குக் கிணறு கலந்தோடும் நீர் ஒன்றே. மேலே நின்று அதைப் பிரித்தவர் மனிதரே. பிரித்தவரே சேர்த்தலும் வேண்டும்.