களரும் உவரும்: சிற்றாற்றுப் படுகையில் நிலம் திருத்தும் மரபு

விளைவு தாராத நிலத்தைக் குறிக்கத் தமிழில் களர், உவர் என்னும் இரு சொற்கள் பண்டுதொட்டு வழங்கி வருகின்றன. இவை ஒருபொருட் சொற்களா, வேறு பொருள் உடையனவா என்பது அகராதியோடு முடிந்துவிடும் வினா அன்று. உப்பேறிய நிலத்தை நம் உழவர் எவ்வாறு கண்டறிந்தனர், எவ்வாறு திருத்தினர் என்பதை அறிதற்கும் அதுவே வாயிலாகும். குற்றால மலையில் தோன்றித் தென்காசி வழியே பாயும் சிற்றாற்றின் படுகையை நிலைக்களனாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். உவர் என்பது சுவைபற்றி எழுந்த பெயர்; கடலுக்கும் அப்பெயர் உண்டு. களர் என்பதோ இலக்கியத்தில் பயனின்மையைக் காட்டி நிற்கிறது. திருவள்ளுவர் கல்லாமை அதிகாரத்தில் (குறள் 406) கல்லாதவருக்குக் களரையே உவமையாக்கினார். நிலம் இருக்கிறது, அதனால் பயன் இல்லை என்பது உவமையின் கருத்து. புறநானூற்றின் 311ஆம் பாட்டு, களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரால் ஆடை வெளுக்கும் பெண்ணைக் குறிக்கிறது. அழுக்கை அகற்றும் அந்நீர் சோடியம் கார்பனேட்டு கலந்த காரநீர் எனக் கருத இடமுண்டு. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேட்டிலும், கொடைநிலத்தின் உறுப்புகளை எண்ணுமிடத்தில் களரும் உவரும் தனித்தனியே எண்ணப்படுகின்றன.

இவற்றைக் கொண்டு, பண்டையோர் இன்றைய வேதியியலை அறிந்திருந்தனர் என்று துணிதல் பொருந்தாது. ஆடை வெளுக்கும் மண்ணை மக்கள் உவர்மண் என்றே வழங்கினர். எனவே வழக்கில் இரு சொற்களும் ஒன்றன் எல்லையில் மற்றொன்று புகுந்தன என்பது தெளிவு. கரையும் உப்பு மிக்க நிலத்தை உவர் என்றும், சோடியம் மிக்க நிலத்தைக் களர் என்றும் வரையறுத்தவர் இக்கால வேளாண் நூலாரே. 1954இல் அமெரிக்க உவர்நில ஆய்வகம் வெளியிட்ட கையேடு இவ்வேறுபாட்டுக்கு அளவுகோல் வகுத்தது. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன் அளவைக் கடந்தால் அது உவர். மண்ணில் மாற்றீடு கொள்ளும் அயனிகளுள் சோடியம் நூற்றுக்குப் பதினைந்தைக் கடந்தால் அது களர்.

இவ்வேறுபாடு திருத்தும் முறையையும் வேறுபடுத்துகிறது. உவரின் உப்பு நீரில் கரையும். கரைந்த நீருக்கு வழி இருப்பின் அதனோடு வெளியேறும். களரிலோ சோடியம் களித்துகள்களைப் பற்றிக்கொள்ள, அவை பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும். நீர் இறங்காது, மண் காய்ந்தால் பாறைபோல் இறுகும். ஆதலின் நீர் மட்டும் களரைத் திருத்த வல்லதன்று. சோடியத்தைப் பெயர்த்து அவ்விடத்தில் கால்சியம் அமர வேண்டும்.

இனி, நிலத்தை நோக்குவோம். தென்காசி வட்டாரம் தென்மேற்குப் பருவத்தில் சாரலும், வடகிழக்குப் பருவத்தில் மழையும் பெறுவது. கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்கள் இதனால் அமைந்தன. ஒரு குளம் நிரம்பினால் மிகுநீர் மறுகால் வழியே அடுத்த குளத்திற்குப் பாயும். இவ்வமைப்பை நீர்ப்பாசனம் என்ற அளவிலேயே நாம் பேசுகிறோம். அது வடிகாலும் ஆகும் என்பதை மறந்துவிடுகிறோம். குளத்தின் கீழ்ப்புறத்தில் கசிவுநீர் தேங்கி, கோடையில் ஆவியாகும் இடத்தில் உப்பு மேலேறிப் பூக்கும். நீர் இயங்கும் இடத்திலோ உப்பு தங்காது. பண்டை மெசொப்பொத்தாமியாவின் தென்பகுதியில் பாய்ச்சிய நீருக்கு வடிகால் போதாமையால் உப்பு ஏறியது. கோதுமை குறைந்து, உப்பைத் தாங்கும் வாற்கோதுமை மிகுந்தது. இதனை யாக்கப்சன், ஆடம்சு என்னும் ஆய்வாளர் 1958இல் எடுத்துக்காட்டினர்.

உவர் நிலத்தை உழவர் திருத்திய முறை எளியது. கோடையில் பூத்த உப்பை மேல்மண்ணோடு வழித்து அகற்றுவர். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்குவர். சேறாக உழுது, கலங்கிய நீரை வடித்துவிட்டு மீண்டும் தேக்குவர். நெற்பயிருக்கு நிறுத்தும் நீரும் இவ்வேலையைத் தொடர்ந்து செய்யும்.

களருக்குத் தழையும் எருவும் வேண்டும். கொழிஞ்சி, எருக்கு, ஆவாரை, வேம்பு, புங்கு ஆகியவற்றின் தழையைச் சேற்றில் மிதிப்பர், கோடையில் குளத்து வண்டலை வாரி வயலில் பரப்புவர், ஆட்டுக்கிடை அமர்த்துவர். சிற்றாறு பொருநையோடு கூடும் சீவலப்பேரியே முக்கூடற் பள்ளு பாடும் முக்கூடல். ஆயனை அழைத்துக் கிடை அமர்த்துவது பள்ளு நூல்களின் கதைப்போக்கில் ஓர் உறுப்பாக அமைந்திருப்பது, அவ்வினை உழவில் பெற்ற இடத்தைக் காட்டும். தழை அழுகும்போது எழும் கரியமிலவாயு நீரில் கரைந்து, மண்ணில் உறங்கும் சுண்ணாம்பைக் கரைக்கிறது. விடுபட்ட கால்சியம் சோடியத்தைப் பெயர்க்கிறது. கலிபோர்னியாவில் கில்கார்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜிப்சம் இட்டுப் பெறக் காட்டிய பயனும் கால்சியத்தால் விளைந்ததே. ஜிப்சம் விரைந்து செய்வதைத் தழை மெல்லச் செய்கிறது. ஆயின் சுண்ணாம்பு அற்ற மண்ணில் தழையால் மட்டும் இப்பயன் முழுதும் கிட்டாது என்பதையும் கருதல் வேண்டும்.

மண்ணைத் திருத்துவதோடு, மண்ணுக்கு ஏற்ற விதையையும் உழவர் தேர்ந்தனர். களர்ப்பாலை, உவர்முண்டான் என்னும் நெல்வகைகளின் பெயர்களே அவை வளரும் நிலத்தைக் கூறுகின்றன. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்து வயல்களில் உப்பை நிறைத்தபோது, மழைநீரால் அலசுவதும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும், உப்பைத் தாங்கும் மரபு நெல்லை நடுவதும் பயன்பட்டன. ஏட்டில் எழுதாத அறிவு இடருற்ற காலத்து உதவிற்று.

இதுகாறும் கூறியவற்றால் போதருவது இது: களர், உவர் என்னும் பெயர்கள் வழக்கில் மயங்கினும், கழுவித் திருத்துவது, தழையிட்டுத் திருத்துவது என்னும் இரு செயல்கள் மரபில் உண்டு, இன்றைய அறிவியல் அவ்விரண்டின் தேவையையும் விளக்குகிறது. இவ்விரண்டுக்கும் அடிப்படை வடிகால். தென்காசி 2019இல் தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கே ஆற்றுநீர் பாயும் வயலும், கிழக்கே சங்கரன்கோவில் சார்ந்த கரிசலும் ஒரே எல்லைக்குள் அமைந்துள்ளன. மறுகாலும் வடிவாய்க்காலும் தூர்ந்தால், எத்துணைத் தழையிட்டுத் திருத்திய வயலும் மீண்டும் உப்பேறும். ஊர்தோறும் வழங்கும் மண்ணின் பெயர்களையும், அவற்றுக்கு உழவர் செய்யும் மருந்தையும், முதியோர் இருக்கும்போதே தொகுப்பது தமிழாய்வாளர்க்குரிய பணி. அத்தொகுப்பு அகராதிக்கு ஆக்கம் தரும், நிலத்துக்கும் காவலாகும்.