கடிதலும் கடித்தலும்: வேங்கட நாட்டில் கிளி பழக்கிய வரலாறு

முன்னுரை

தினைப்புனத்தில் கிளியோட்டுவதைச் சங்கப் புலவர்கள் 'கிளிகடிதல்' என்றனர். கிளிக்குஞ்சு ஒன்றைக் கையில் ஏந்திய வீட்டார் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்வது 'கிளி கடித்தல்'. இவ்விரு சொற்களையும் வேறுபடுத்துவது ஓர் ஒற்றெழுத்தே. முன்னது மனிதர் கிளிக்குச் செய்வது; பின்னது கிளி மனிதர்க்குச் செய்வது. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பைத் தமிழ் இலக்கியச் சான்றுகளின்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வெல்லை இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்களை உள்ளடக்கிய பழைய வேங்கட நாடு. தொண்டை நாட்டின் வடபகுதியாகிய இந்நிலத்தின் இலக்கியங்களோடு, வேங்கடத்தோடு தொடர்புடைய பிற தமிழ் நூல்களும் ஒப்புநோக்கப்பெறுகின்றன.

1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாகாணத்தில் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பெற்றது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்திற்கு வந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறியபோதும், தமிழர் கிளி என்றும் தெலுங்கர் சிலுக என்றும் அழைக்கும் அப்பறவைக்கு எல்லை மாறவில்லை. சித்தூரில் பெருமளவில் விளையும் தோத்தாபுரி மாங்கனியைத் தமிழர் 'கிளிமூக்கு' என்பர். தோத்தா என்பதும் கிளியைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லே. கிளியின் அலகு இந்நிலத்து மக்கள் கண்முன் என்றும் இருந்துவந்தது என்பதற்கு இப்பெயரே சான்று.

'கடி' என்னும் சொல்

தொல்காப்பியர் உரியியலில் 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள்களைத் தொகுத்துரைக்கிறார். அவற்றுள் கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, அச்சம் என்னும் ஐந்தும் இங்கு நோக்கத்தக்கன. அவர் கூறுவது உரிச்சொல். கடித்தல் என்பதோ வினை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது இலக்கண வழுவாகும். எனினும் இளங்கிளி ஏன் கடிக்கிறது என்னும் வினாவிற்கு இன்றைய பறவையியலார் கூறும் விடைகள் இவ்வைந்து பொருள்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுவது வியப்பைத் தருகிறது. புதிய கையைக் கண்டு அஞ்சுகிறது. விரைந்து நீளும் விரலை அடித்துண்ணும் பறவையின் நகமென மருள்கிறது. தன் கூட்டையும் உணவையும் காக்கிறது. கூர்மை அலகின் இயல்பு. ஆகவே கடித்தல் என்பது கிளியின் தீக்குணமன்று. அச்சமும் காப்பும் கூடிய இடத்தில் தோன்றும் மொழி எனலாம்.

புனத்தில் கிளி

குறிஞ்சித் திணையில் கிளி பகையாகவே அறிமுகமாகிறது. கதிர் முற்றிய தினையைக் காக்கத் தலைவி பரண்மேல் இருக்கிறாள். தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளைக் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் கூறுகிறார். இவையாவும் ஓசையால் அச்சுறுத்தும் கருவிகள் என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் அதே கபிலர் ஐங்குறுநூற்றின் கிள்ளைப்பத்தில் கிளிகளை வாழ்த்தும் தலைவனையும் காட்டுகிறார். கிளி வந்தமையால் தலைவி புனங்காக்க வந்தாள். அதனால் அவளைக் காண முடிந்தது என்பது அவன் மகிழ்ச்சி.

அலகைக் கூர்ந்து நோக்கிய புலவரும் உண்டு. குறுந்தொகை 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், வேப்பம்பழத்தை அலகிற் பற்றிய கிளியை, பொற்காசில் நூல் கோக்கும் பொற்கொல்லனின் கூரிய நகத்தோடு ஒப்பிடுகிறார். பழம் நசுங்காமல் பற்றும் நுண்மையே இவ்வுவமையின் உயிர். கொட்டையை உடைக்க வல்ல அலகு, பழத்தைக் காயப்படுத்தாமலும் ஏந்த வல்லது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் கிளி அறியும், அல்லது அறிந்துகொள்ளும். கிளி பழக்குதலின் அடிப்படை இதுவே. கடிக்கும் குஞ்சிற்குக் கற்பிக்க வேண்டுவது அலகைப் பயன்படுத்தாமையை அன்று. அழுத்தத்தின் அளவையே ஆகும்.

முன்கையில் கிளி

புனத்துக் கிளி மனைக்கிளியாகும் காட்சியை அகநானூறு 34ஆம் பாடல் தருகிறது. மதுரை மருதன் இளநாகனார் பாடிய இம்முல்லைப் பாட்டில், வினை முடித்து மீளும் தலைவன் தன் பாகனிடம் மனைவியின் நிலையைக் கற்பனை செய்து உரைக்கிறான். அவள் கிளியை முன்கையில் ஏந்தியிருக்கிறாள். தலைவன் வரவைச் சொல்லுமாறு கேட்கிறாள். வீட்டார் அறிந்துவிடுவரோ என அஞ்சி மெல்லிய குரலிற் சொற்களைப் பயிற்றுகிறாள்.

இப்பாடலில் இரு செய்திகள் நம் ஆய்விற்கு உதவுகின்றன. முதலாவது, அக்கிளி கழுத்தில் செந்நிற மாலை உடையது எனப்படுகிறது. நம் நாட்டுப் பச்சைக்கிளியில் இம்மாலை ஆணுக்கு மட்டுமே உண்டு. அதுவும் குஞ்சிற்கு இராது. ஏறத்தாழ மூன்றாம் ஆண்டளவிலேயே முழுமையாகத் தோன்றும். ஆகவே தலைவியின் முன்கையில் இருப்பது கூட்டிலிருந்து புதிதாக எடுத்த குஞ்சன்று. குஞ்சிலிருந்தே வளர்த்ததாயின், அந்தக் கைக்கும் அந்தக் கிளிக்கும் இடையே சில ஆண்டுப் பழக்கம் உண்டெனக் கொள்ளலாம். இரண்டாவது, பயிற்சியின் முறை: விரலன்று, முன்கை, உரத்த குரலன்று, மென்குரல். புனத்தில் தழலும் தட்டையும் ஒலித்தவிடத்து, மனையில் மென்மொழி ஒலிக்கிறது. கடிதலை விடுத்த கையில்தான் கிளி அமர்ந்தது.

முன்கையைத் தருவதற்குக் காரணமுண்டு. கிளிக்கு அலகு மூன்றாம் கால். கிளையேறும்போது முதலில் அலகால் பற்றிப் பார்த்து, அது தாங்கும் என்று உறுதி செய்தபின்னரே காலை வைக்கும். கையை நீட்டினாலும் அவ்வாறே அலகால் தொட்டு நோக்கும். அதனைக் கடி என்று கருதி நாம் கையை வெடுக்கென இழுத்தால், கிளி தடுமாறுகிறது. அடுத்தமுறை விழாதிருக்க இறுகப் பற்றுகிறது. உண்மையான கடி அன்று தொடங்குகிறது. அசையாத முன்கை அசையாத கிளைக்கு நிகர்.

ஓதக் கற்ற கிளிகள்

தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை தொண்டை நாட்டு வழியைக் கூறுமிடத்து, அந்தணர் உறைபதிகளில் கிளிகளுக்கு மறையோசை பயிற்றப்பெற்றதைச் சுட்டுகிறது. ஆசிரியர் ஓத, மாணாக்கர் திருப்பி ஓத, அதனைக் கேட்டே கிளி கற்றிருக்கும் எனக் கருதலாம். இக்கருத்திற்கு அண்மைக்கால ஆய்வு ஒன்று அரண் செய்கிறது. 1977 முதல் 2007 வரை அமெரிக்காவில் அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பற்கிளியை ஆராய்ந்த ஐரீன் பெப்பர்பர்க், இருவர் உரையாடுவதைக் கிளி காணுமாறு செய்து கற்பித்தார். ஒருவர் வினவுவார், மற்றவர் விடை கூறிப் பொருளைப் பெறுவார், கிளி அவரைப் பார்த்துக் கற்கும். கிளிகள் கூட்டமாக வாழ்பவை. தம் கூட்டத்தாரின் ஒலியைக் கற்பவை. மனிதக் குரலைக் கற்பது, மனிதரைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

கிரேக்கரும் இந்தியக் கிளியை வியந்தனர். கி.மு. 400ஐ ஒட்டி வாழ்ந்த தெசியாஸ், இப்பறவை இந்தியரின் மொழியைப் பேசும் என்றும், கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்றும் எழுதினார். உரோமரான பிளினி, பேசக் கற்பிக்கும்போது கிளியின் தலையில் இரும்புக் கோலால் அடிப்பர் எனக் குறித்துள்ளார். நம் புலவர் கண்ட மென்குரலுக்கும் இவ்விரும்புக் கோலுக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது.

பவணந்தியார் நன்னூலில் கிளியை இடைமாணாக்கர்க்கு உவமையாக்குகிறார். கற்பித்ததை மட்டுமே திருப்பிக் கூறும் என்பது அதன் கருத்து. ஆயினும் அதே நூல் ஆசிரியர்க்கு வகுக்கும் நெறி கிளிக்கு முற்றும் பொருந்துகிறது: காலமும் இடமும் அறிதல், வெகுளாமை, மலர்ந்த முகம், கொள்வோன் கொள்ளும் வகையை அறிந்து கொடுத்தல். கடிக்கும் குஞ்சை வளர்ப்பார்க்கு இதனினும் சுருக்கமான வழிகாட்டி இல்லை.

கூண்டில் கிளி

பக்தி இலக்கியத்தில் கிளி நாமம் சொல்லும் துணையாகிறது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் தன் கிளியை இனிய சோறும் பாலும் ஊட்டி வளர்த்ததாகக் கூறுகிறாள். அன்பின் மிகுதியை உணர்த்தும் இவ்வரியை உணவு விதியாகக் கொள்ளலாகாது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லை. ஊறவைத்த பயறு, கொய்யா, கீரை, மிளகாய் ஆகியவை ஏற்றவை. மிளகாயின் காரம் பறவையின் நாவிற்கு உறைப்பதில்லை.

அதே நூலின் பன்னிரண்டாம் திருமொழியில் கூண்டுக்கிளி எப்போதும் 'கோவிந்தா' என்று அழைக்கிறது. அது திருமலைப் படிகளில் இன்றும் ஒலிக்கும் பெயர். பிரிவுத் துயரைத் தாங்காது, உணவு கொடாமல் அதனை ஒறுத்தால், அது அடங்கவில்லை. உலகளந்தவன் பெயரை முன்னிலும் உரக்கக் கூவுகிறது. ஒறுத்தலால் பழக்கம் நீங்காது, வலுக்கும் என்னும் உண்மை இங்குப் பதிவாகியுள்ளது. கடித்த கிளியைப் பட்டினி இடுவோரும், அதன் முன் அலறுவோரும் இதனையே காண்பர். ஓசை விரும்பும் பறவைக்கு நம் அலறல் ஒரு விளையாட்டு. கடித்தால் குரல் எழுப்பாமல் மெல்ல இறக்கிவிட்டுச் சிறிது நேரம் முகந்திருப்பிக்கொள்வதும், கடியாது நின்றபோது ஒரு பயறு தருவதுமே பயனளிக்கும். அதனினும் சிறந்தது கடிக்குமுன் அறிதல். இறகு ஒடுங்கி, உடல் பின்சாய்ந்து, கண்மணி சுருங்கினால் கிளி 'வேண்டா' என்கிறது. அப்போது கையை நீட்டாதிருப்பதே கற்பித்தலின் முதற்படி.

திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்தில் தலைவி, தான் கற்பித்த நாமங்களைத் திருப்பிப் பாடும் கிளியைக் கேட்டு, வளர்த்த பயனைப் பெற்றதாகக் கூறிக் கைகூப்பி வணங்குகிறாள். ஆசிரியை மாணவியை வணங்கும் இக்காட்சி, கிளி பழக்கும் மரபின் உச்சம்.

கையை நீட்டிய குழந்தை

காளத்தி மலையோடு தொடர்புடைய கண்ணப்பர் வரலாற்றில் சேக்கிழார் இந்நிலத்து வேடர் வாழ்வை வரைகிறார். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடச் சிறுவர் புலிக்குட்டியோடும் யானைக் கன்றோடும் விளையாடுகின்றனர். பார்வை விலங்காகப் பழக்கிய புலியின் வாயினுள் குழந்தைத் திண்ணன் கையை நீட்டுகிறான். தந்தை நாகன் தழையை ஓங்கி அச்சுறுத்த, குழந்தை அழுகிறது. தாய் முத்தமிட்டுத் தேற்றுகிறாள். இங்குத் தந்தையின் தழை ஓங்கியது விலங்கின்மீதன்று, குழந்தையை நோக்கி என்பது உன்னத்தக்கது. கடிக்கும் வாயைக் கண்டிப்பதைவிட நீளும் கையைத் திருத்துவதே வேடர் அறிந்த நெறி.

இன்றைய நிலை

தை முதல் சித்திரை வரையிலான திங்களில் மரப்பொந்துகளிலும் கோபுரத் துளைகளிலும் கிளிகள் குஞ்சு பொரிக்கின்றன. ஏறத்தாழ ஏழு வாரத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளிவரும். அதற்கு முன்னரே அவற்றை எடுத்து விற்கும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகளை நான்காம் பட்டியலில் சேர்த்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல், பச்சைக்கிளியை இரண்டாம் பட்டியலுக்கு உயர்த்தியது. அதனைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் தண்டனைக்குரியன. தவறி விழுந்த குஞ்சு கிடைப்பின் வனத்துறையிடம் ஒப்படைத்தலே முறை.

அவ்வாறாயின் பழைய பயிற்சி மரபு இனி எதற்கு என்னும் வினா எழும். மீட்பு மையங்களிலும் விலங்குக் காட்சிச் சாலைகளிலும், திரும்பக் காட்டிற்குச் செல்ல இயலாத கிளிகள் மனிதக் கைகளிலேயே வாழ்கின்றன. சட்டம் தடுக்காத அயல்நாட்டுச் சிறுகிளிகள் பல வீடுகளில் உள்ளன. கடிக்கிறது என்னும் ஒரே காரணத்தால் இறகு வெட்டப்படுவதும் கைவிடப்படுவதும் இக்கிளிகளே. மென்குரலும் அசையாத முன்கையும் வெகுளாமையும் இவற்றின் வாழ்நாளையே மாற்ற வல்லவை.

முடிவுரை

புனத்தில் கடியப்பெற்ற கிளி, முன்கையில் அமர்ந்து, கூண்டில் ஓதி, இன்று சட்டத்தின் காப்பில் மீண்டும் மரத்திற்குச் செல்கிறது. இவ்வரலாற்றில் பொதுவாகக் காணப்பெறும் உண்மை ஒன்றே: கடிதல் உள்ளவிடத்துக் கடித்தல் உண்டு, கடிதல் நீங்கியவிடத்துச் சொல் பிறக்கிறது.

திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் நாள்தோறும் புதிய கிளி ஒன்று அமர்கிறது. அது பச்சை இலைகளால் கட்டப்பெற்றது. அதன் அலகு மாதுளம்பூ. ஆண்டாள் சூடிய மாலையோடு அத்தகைய கிளி ஒன்றும் திருமலைப் பிரம்மோற்சவத்திற்கு அனுப்பப்பெறுகிறது. கூண்டின்றி வேங்கடம் ஏறும் அக்கிளி, உயிர்க்கிளியை மரத்திலேயே விட்டுவிட்டு அதன் மீதுள்ள அன்பை மட்டும் கையில் ஏந்தலாம் என்பதை உணர்த்தி நிற்கிறது.