திருகோணமலையில் வியாழனைக் கண்டவர்



சில மாதங்களுக்கு முன் எங்கள் பாடசாலை மாணவர் சிலர் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினர். சிறிய தொலைநோக்கி ஒன்றின் கண்வில்லையிலே கைத்தொலைபேசியை வைத்து வியாழனைப் படம் பிடித்திருந்தார்கள். சிறு ஒளித்தட்டு, அதன் குறுக்கே மங்கலாக இரண்டு பட்டைகள். வன்னியின் இரவு இன்னும் இருளுடையது. அந்த இருள் அவர்களுக்கு உதவியிருக்கிறது. நான் வரலாறு படித்தவன். ஆகையால் நான் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?" என்பதே. படம் கைக்குக் கை மாறி வந்ததில் அந்த விவரம் அழிந்துபோயிருந்தது. "மணி எதற்கு, சேர்?" என்றான் ஒருவன். அவனுக்குச் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

முல்லைத்தீவிலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால், கொக்கிளாயையும் புல்மோட்டையையும் கடந்து திருகோணமலையை அடைவோம். அங்கே பிரித்தானியப் பொறியியற்படை அதிகாரியாக இருந்தவர் பேர்சி மோல்ஸ்வேர்த். 1867இல் கொழும்பிலே பிறந்தவர். தந்தையார் இலங்கை இருப்புப்பாதையின் தொடக்ககாலத் தலைமைப் பொறியியலாளர். மகனுக்கோ வானத்தின்மீது நாட்டம். 1896 அளவில் பன்னிரண்டரை அங்குல ஆடியுடைய தொலைநோக்கி ஒன்றைப் பெற்றார். அது அரசாங்க வானிலையத்தின் கருவி அன்று. தனியொருவரின் சொந்தக் கருவி.

ஒளிப்படக் கலை அக்காலத்திலும் இருந்தது. எனினும் கோள்களைப் பொறுத்தவரை அது பின்தங்கியே நின்றது. அன்றைய தட்டுகள் மந்தமானவை. ஒளி பதியும் வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் நம் தலைக்குமேலுள்ள காற்று நடுங்கிக் கோளின் நுண்கோலங்களைக் கலைத்துவிடும். மனிதக் கண்ணோ, காற்று அமைதியுறும் ஒரு கணத்தைப் பற்றிக்கொள்ள வல்லது. ஆதலின் மோல்ஸ்வேர்த்தின் ஒளிப்படக்கருவி அவருடைய கண்ணே. தட்டு, தாளும் பென்சிலுமே. இவற்றுடன் ஒரு மணிக்கூடும் இருந்தது.

மணிக்கூடுதான் முக்கியம். வியாழன் பத்து மணித்தியாலத்துக்குள் தன்னைத்தான் ஒருமுறை சுற்றிவிடும். ஒரு புள்ளி கோளின் நடுக்கோட்டைத் தாண்டும் நிமிடத்தைக் குறித்தால், அது கோளின்மீது எங்கே இருக்கிறதெனக் கணக்கிடலாம். நாள்தோறும் குறித்தால் அது நகரும் வேகமும் தெரியும். ஒரு நிமிடம் பிசகினால் பிழை ஏறத்தாழ 0.6 பாகை மட்டுமே. இத்தகைய குறிப்புகளை அவர் ஆயிரக்கணக்கிலே எழுதினார்.

இடமும் அவருக்குத் துணைநின்றது. 1901இல் வியாழன் வானத்தின் தென்பகுதியிலே இருந்தது. இலண்டனில் உள்ளவர்க்கு அது அடிவானத்திலிருந்து 15 பாகையளவே எழும். திருகோணமலையிலோ 58 பாகை வரை ஏறும். ஐரோப்பியர் தடித்த காற்றினூடாகக் கண் கசக்கிப் பார்த்ததை அவர் தெளிவாகப் பார்த்தார். அவ்வாண்டு பெப்ரவரி 28ஆந் திகதி, வியாழனின் தென்பாதியில் முன்பு இல்லாத ஒரு கரிய மேடுபோன்ற கறையை அவர் கண்டார். தென் அயன மண்டலக் கலக்கம் என வானியலார் பெயரிட்டது இதனையே. அது நீண்டு வளர்ந்தது. வியாழனின் பெருஞ் செம்பொட்டைப் பலமுறை எட்டிப்பிடித்துக் கடந்தது. 1939 அளவில்தான் மறைந்தது. கண்டவர் அதன் முடிவைக் காணவில்லை. 1908ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, 41ஆவது வயதில், திருகோணமலையிலேயே காலமானார். செவ்வாயில் ஒரு குழிக்கு இன்று அவர் பெயர் வழங்குகிறது. நான் படித்த காலத்தில் எந்த ஆசிரியரும் இப்பெயரை உச்சரிக்க நான் கேட்டதில்லை.

இன்று கதை மாறிவிட்டது. சிறு ஒளிப்படக்கருவி சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான படங்களை எடுக்கும். கணினி அவற்றுள் காற்று அமைதியுற்ற கணங்களைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். மோல்ஸ்வேர்த்தின் கண் செய்த அதே வேலைதான். 2009ஆம் ஆண்டு யூலை 19ஆந் திகதி அவுஸ்திரேலியாவில் அன்ரனி வெஸ்லி என்னும் ஆர்வலர், பதினான்கரை அங்குலத் தொலைநோக்கியால், வியாழனின் தென்முனையருகே புதிய கரும்புள்ளி ஒன்றைப் படமாக்கினார். ஏதோ ஒரு பொருள் மோதிய வடு அது. அவர் படத்தில் நேரம் இருந்தது. ஆகவே பெருந் தொலைநோக்கிகள் உடனே அவ்விடம் திரும்ப முடிந்தது.

2009 என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. பதிவேடுகள் யாவும் அழிந்துபோன பாடசாலைக்குத் திரும்பிவந்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். பிறந்த திகதியைக் காட்டும் ஒரு தாளுக்காகப் பெற்றோர் வாசலில் நின்றதைக் கண்டேன். திகதியிட்ட ஒரு வரி எவ்வளவு பெறும் என்பதை எனக்கு வானியல் கற்பிக்கவில்லை.

இவ்வளவையும் அந்த மாணவனிடம் சொல்லவில்லை. மோல்ஸ்வேர்த்தின் கதையை மட்டுமே சொன்னேன். இரு கிழமை கழித்து மீண்டும் ஒரு படத்தோடு வந்தான். முன்னையதைவிட மங்கல். கூடவே ஒரு கொப்பி. முதற் பக்கத்திலே திகதி, இடம், மேகம் இருந்ததா இல்லையா என்பது. கீழே, இரவு 8.42.