நோயும் சான்றும்: அமெரிக்க மனநோய் வைத்தியத்தில் மருந்துத் தொழிலின் செல்வாக்கு, 1954–2015

மனநோய் வைத்தியம் ஏனைய வைத்தியத் துறைகளினின்று ஒரு முக்கியமான விஷயத்தில் வேறுபட்டு நிற்கிறது. காசநோயைச் சளியிலுள்ள கிருமியைக் கண்டும், நீரிழிவை இரத்தத்திலுள்ள சர்க்கரையை அளந்தும் நிச்சயிக்கின்ற வைத்தியர், மனச்சோர்வையோ மனச்சிதைவையோ நிச்சயிக்கப் புகும்போது, நோயாளியின் சொல்லையும் நடத்தையையும் தவிர வேறு ஆதாரம் எதுவுமின்றி நிற்கிறார். கொடுத்த மருந்து பலித்ததா என்பதையும் வினாக்களுக்குக் கிடைத்த விடைகளைக் கூட்டி எடுத்த மதிப்பெண்ணைக் கொண்டே அவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மருந்து நிறுவனங்களின் செல்வாக்கு என்றவுடன் வைத்தியருக்குக் கிடைக்கும் விருந்தும் பரிசும் பிரயாணச் செலவுமே பொதுவாக நினைவுக்கு வருகின்றன. அவை இருந்தன என்பது மெய்யே. ஆயினும் அமெரிக்க நாட்டின் அறுபதாண்டுச் சரித்திரத்தை ஆராயுமிடத்து, அவையெல்லாம் சிறு பகுதியே என்பதும், எந்தச் சான்றை நம்பி நேர்மையான வைத்தியர் மருந்து எழுதுகிறாரோ அந்தச் சான்றே மெல்ல மெல்ல நிறுவனங்களின் சொத்தாகிவிட்டது என்பதும் புலனாகும்.

பிரான்ஸ் தேசத்து ரோன்-பூலங்க் நிறுவனத்தின் இரசாயனக் கூடத்தில் 1950 டிசம்பரில் உருவாக்கப்பட்டு, 1952-ல் பாரிஸ் நகரின் செயிண்ட்-ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் ஆகிய வைத்தியர்களால் மனநோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்ட குளோர்ப்புரோமசின் என்ற மருந்து, 1954-ல் தோரசின் என்ற விற்பனைப் பெயருடன் அமெரிக்காவில் பிரவேசித்தது. அதன் பயனை மறுப்பது நியாயமாகாது. 1955-ல் அந்நாட்டு மாகாண மனநோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் அடைபட்டிருந்தனர். ஈரத்துணிக் கட்டும் மின்னதிர்ச்சியும் மூளை அறுவையும் தவிர அவர்களுக்குக் கொடுக்க அதிகமாக ஒன்றும் இல்லாதிருந்த காலத்தில், வெறிகொண்டு அலறியவர்களை உறங்க வைக்காமலே அமைதிப்படுத்திய ஒரு மருந்து அதிசயமாகத் தோன்றியதில் வியப்பில்லை. கவனிக்கத்தக்கது அது பரவிய விதம். மாகாண மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கப் பணமில்லை. பணத்தை ஒதுக்க வேண்டியது மாகாண சட்டசபை. அமெரிக்க உரிமையைப் பெற்றிருந்த ஸ்மித் க்ளைன் அண்ட் ஃப்ரெஞ்ச் நிறுவனம் இதை உணர்ந்து, இதற்கெனவே விசேஷப் பிரதிநிதிகள் குழுவொன்றை அமைத்து, மருத்துவமனைகளில் மருந்தைப் பிரயோகிக்கும் முறையைப் பரப்பியதோடு, அவற்றின் நிர்வாகிகள் சட்டசபையினரிடம் நிதி கோருவதற்கும் துணை செய்தது. வைத்தியரின் எழுதுகோலைத் தாண்டி அரசாங்கத்தின் கருவூலம்வரை ஒரு மருந்து வியாபாரி நடந்து சென்ற பாதை அது. பின்னர் வந்தவர்கள் அதை அகலப்படுத்தினார்கள்.

1955-ல் வெளிவந்த மில்டவுன் என்ற மாத்திரை மருத்துவமனைக்கு வெளியே இருந்த கோடிக்கணக்கான மக்களை நாடியது. அன்றாடக் கவலைக்கு ஒரு மாத்திரை என்ற எண்ணம் அதனோடு வேரூன்றி, 1960-ல் லிப்ரியம், 1963-ல் வாலியம் என்று வளர்ந்தது.

இதனிடையே மருந்து விலைகளைப் பற்றி செனட்டர் எஸ்டிஸ் கீஃபாவர் 1959-ல் தொடங்கிய விசாரணை, தாலிடோமைடு மருந்தினால் ஐரோப்பாவில் அங்கஹீனமான குழந்தைகள் பிறந்த கொடுமையோடு சேர்ந்து, 1962-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தில் முடிந்தது. மருந்து அபாயமற்றது என்று காட்டினால் மட்டும் போதாது, குறிப்பிட்ட நோய்க்குப் பலனளிக்கும் என்பதையும் முறையான பரிசோதனைகளால் நிரூபிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அதன் நோக்கத்தில் களங்கம் கற்பிக்க இடமில்லை. ஆனால், மருந்துக்கு அனுமதி பெற வேண்டுமானால் அதற்கென ஒரு நோயின் பெயர் வேண்டும் என்ற நிலை அதனால் உறுதிப்பட்டது. நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது ஆகவே, பரிசோதனையை வகுப்பதும் அதன் முடிவுகளைத் தன் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவதும் நிறுவனத்தின் உரிமையாயின. பிற்காலத்து அனர்த்தங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது விளைவிலிருந்தே கிளைத்தன என்பது என் துணிபு. நோயின் பெயரைப் பரப்புவதே மருந்தை விற்கும் வழி என்பதை மெர்க் நிறுவனம் சட்டம் வருவதற்கு முன்பே கண்டுகொண்டிருந்தது. அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தை அது வெளியிட்ட நாளில், மனச்சோர்வு ஓர் அபூர்வ வியாதியாகவே கருதப்பட்டது. சாதாரண வைத்தியரிடம் வரும் நோயாளிகளிடையே அதை இனங்காண்பது எப்படி என்று ஃபிராங்க் அய்ட் என்ற வைத்தியர் 1961-ல் எழுதிய நூலில் 50,000 பிரதிகளை அந்நிறுவனம் விலைக்கு வாங்கி வைத்தியர்களுக்கு வினியோகித்தது. நூல் நல்ல நூலாகவே இருக்கலாம். எந்த நூல் எத்தனை மேஜைகளைச் சென்றடைய வேண்டும் என்பதை வியாபாரம் தீர்மானித்தது.

1980-ல் ராபர்ட் ஸ்பிட்சர் என்ற வைத்தியரின் தலைமையில் வெளிவந்த, மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம். என்ற கையேட்டின் மூன்றாம் பதிப்பு, ஒவ்வொரு மனநோய்க்கும் அறிகுறிகளின் பட்டியலையும், அவற்றுள் இத்தனை இருந்தால் நோய் என்ற கணக்கையும் வகுத்தது. ஒரே நோயாளிக்கு இரு வைத்தியர் இரு வேறு பெயரிடும் குழப்பத்தைத் தீர்க்கவே அது எழுதப்பட்டது. நிறுவனங்கள் எழுதுவித்த நூலல்ல. எனினும் பரிசோதனை நடத்துவோருக்கு அதைக் காட்டிலும் வசதியான கருவி வாய்த்திராது. 1994-ல் வந்த நான்காம் பதிப்பின் குழுக்களில் பங்கேற்ற 170 பேரில் 56 சதவீதத்தினர் மருந்து நிறுவனங்களோடு பொருளாதாரத் தொடர்பு உடையவர்கள் என்றும், மனநிலைக் கோளாறு, மனச்சிதைவு ஆகியவற்றுக்கான குழுக்களில் அனைவருமே அவ்வாறிருந்தனர் என்றும் 2006-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மருந்தே பிரதான சிகிச்சையாக உள்ள நோய்களில்தான் இத்தொடர்பு முழுமை பெற்றிருந்தது.

1988-ல் எலை லில்லி நிறுவனத்தின் புரோசாக் என்ற மனச்சோர்வு மருந்து சந்தைக்கு வந்தது. 1997-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தொலைக்காட்சி விளம்பர விதிகளைத் தளர்த்தியபின், நிறுவனங்கள் நோயாளியிடமே நேராகப் பேசத் தொடங்கின. பிறர் முன்னிலையில் கூசுதலையும் அஞ்சுதலையும் சமூகப் பதற்ற நோய் என்று கொண்டு, அதற்குப் பாக்ஸில் என்ற மருந்து 1999-ல் அனுமதி பெற்றது. அப்பதற்றத்தால் வாழ்வு முடங்கியவர்கள் உண்டு. ஆனால் விளம்பரம் அவர்களோடு நின்றுவிடவில்லை, சங்கோசமுடைய எவரையும் தம்மைப் பற்றிச் சந்தேகிக்கச் செய்தது.

இதே பாக்ஸில் மருந்தைப் பற்றிய, 329 என்ற எண்ணால் அறியப்படும் பரிசோதனை, நான் கூற முற்பட்ட விஷயத்தை வேறெதையும்விடத் தெளிவாக விளக்குகிறது. மனச்சோர்வுற்ற 275 இளம்பருவத்தினருள் 93 பேருக்குப் பாக்ஸிலும், 95 பேருக்கு இமிப்ரமின் என்ற பழைய மருந்தும், 87 பேருக்கு மருந்தற்ற மாத்திரையும் எட்டு வாரம் கொடுக்கப்பட்டன. எவற்றைக் கொண்டு பலனை அளப்பது என்று தொடக்கத்தில் வகுத்துக்கொண்ட பிரதான அளவுகோல்கள் இரண்டிலும் பாக்ஸிலுக்கும் மருந்தற்ற மாத்திரைக்கும் மெய்யான வித்தியாசம் காணப்படவில்லை. பலன் நிரூபணமாகவில்லை என்று வெளியிடுவது வியாபார நோக்கில் ஏற்கத்தக்கதன்று என்று பாக்ஸிலைத் தயாரித்த, பின்னாளில் கிளாக்சோ ஸ்மித்க்ளைன் ஆன நிறுவனத்தின் 1998-ஆம் ஆண்டு உட்குறிப்பு ஒன்று கூறியது. 2001-ல் அமெரிக்கக் குழந்தை மனநோய் வைத்தியக் கழகத்தின் சஞ்சிகையில், மார்ட்டின் கெல்லர் முதலாக 22 பேரின் பெயர் தாங்கி வந்த கட்டுரையோ, அம்மருந்து இளையோருக்குப் பலனளிப்பது, பொதுவாகத் தீங்கற்றது என்று முடிவு கூறியது. அதன் வரைவை எழுதியவர் நிறுவனம் கூலிக்கு அமர்த்திய மருத்துவ எழுத்தாளர். சில பிள்ளைகளுக்கு நேர்ந்த தற்கொலை எண்ணங்களும் முயற்சிகளும் உணர்ச்சி நிலையின்மை என்ற மங்கிய பெயரின்கீழ் அடங்கிவிட்டன. ஒரு தாய் தன் பிள்ளையை அழைத்து வந்து எதிரே உட்காரும்போது, மதிப்பு மிக்க சஞ்சிகையில் இக்கட்டுரையைப் படித்துவிட்டு மருந்தை எழுதிக் கொடுத்த வைத்தியர் எந்த நிறுவனத்திடமும் ஒரு காசும் வாங்கியிருக்க வேண்டியதில்லை. 2002-ல் மட்டும் அமெரிக்காவில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இருபது லட்சத்துக்கு மேற்பட்ட தடவை பாக்ஸில் எழுதப்பட்டது என்று நியூயார்க் மாகாணம் 2004-ல் தொடுத்த வழக்கு கூறியது. 2003-ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இம்மருந்தை அவ்வயதினரின் மனச்சோர்வுக்குக் கொடுக்கலாகாது என்று எச்சரித்தது. மறு ஆண்டு அமெரிக்க நிர்வாகம் மனச்சோர்வு மருந்துகள் யாவற்றின் குறிப்புத்தாளிலும் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது.

இது ஒரு தனிச் சம்பவம் என்று சமாதானம் கூறியவர்களுக்கு 2008-ல் எரிக் டர்னர் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் விடை தந்தார்கள். பன்னிரண்டு மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி அரசாங்கத்திடம் பதிவான 74 பரிசோதனைகளை அவர்கள் பிரசுரமான கட்டுரைகளோடு ஒப்பிட்டனர். சாதகமாக முடிந்த 38-ல் 37 வெளிவந்திருந்தன. சாதகமற்றோ ஐயத்துக்கிடமாகவோ முடிந்த 36-ல் 22 வெளிவரவே இல்லை. 11 சாதகம்போலத் திரித்து எழுதப்பட்டிருந்தன. உள்ளவாறு வெளிவந்தவை மூன்றே. நூலகத்தில் அமர்ந்து இலக்கியம் முழுவதையும் சிரத்தையோடு கற்ற வைத்தியர், கற்றதனாலேயே ஏமாற்றப்பட்டார்.

நிறுவனப் பணமின்றி நடந்த ஆராய்ச்சி என்ன காட்டும் என்பதற்கும் உதாரணமுண்டு. மனச்சிதைவு நோயாளிகள் ஏறக்குறைய 1,500 பேரைக் கொண்டு அரசாங்கச் செலவில் நடந்து 2005-ல் வெளியான கேட்டி என்ற பரிசோதனை, அதிக விலையுள்ள புதிய மருந்துகளில் பெரும்பாலானவை பெர்ஃபெனசின் என்ற பழைய மருந்தைவிட மேலானவை அல்ல என்று கண்டது. அதற்குள் டெக்ஸாஸ் மாகாணத்தில், நிறுவனங்களின் பொருளுதவியோடு வகுக்கப்பட்ட சிகிச்சைக் கிரமம் புதிய மருந்துகளையே முதலில் கொடுக்குமாறு விதித்திருந்தது. அலன் ஜோன்ஸ் என்ற அரசாங்க விசாரணையாளர் இதை வெளிப்படுத்தியதைத் தொடர்ந்த வழக்கில், அப்புதிய மருந்துகளுள் ஒன்றை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் 2012-ல் 15.8 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. சைபிரெக்சா என்ற மருந்தை அனுமதியற்ற உபயோகங்களுக்குப் பரப்பியதற்காக எலை லில்லி 2009-ல் 141.5 கோடி டாலர் கொடுத்தது. கிளாக்சோ ஸ்மித்க்ளைன் 2012-ல் பாக்ஸிலைப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு விற்க முயன்றது உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்டு, வேறு மருந்துகளின் கணக்கையும் சேர்த்து, 300 கோடி டாலர் செலுத்திற்று.

வைத்தியர்கள் பெறும் தொகைகளைப் பகிரங்கமாக்கும் சட்டம் 2010-ல் இயற்றப்பட்டது. அது விரும்பத்தக்கதே, ஆனால் பரிசோதனை விவரங்களின் உரிமையை அது தொடவில்லை. 329-ஆம் பரிசோதனையின் மூலப் பதிவேடுகளை நிறுவனத்திடம் கேட்டுப் பெற்று, அதில் பங்கு கொண்டிராத ஆராய்ச்சியாளர்கள் பலர் மறுபடி கணக்கிட்டு, 2015 செப்டம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டனர். ஏறத்தாழ 77,000 பக்கங்கள்; அவற்றை அச்சிட்டு எடுக்கவும் அனுமதியில்லாமல், கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்ததால், நோயாளிகளில் மூன்றிலொரு பங்கினரின் பதிவுகளையே அவர்களால் முழுமையாகச் சரிபார்க்க முடிந்தது. மருந்தினால் பலனில்லை, தீங்கு மிகுதி என்று அவர்கள் கண்டார்கள். முதற்கட்டுரை வெளிவந்து பதினான்கு ஆண்டுகள் சென்றிருந்த அந்த நாளிலும், அதை வெளியிட்ட சஞ்சிகை அதைத் திரும்பப் பெற்றிருக்கவில்லை.