கைநாட்டும் கையெழுத்தும்: மலையகத் தோட்ட ஆவணங்கள் பற்றிய ஒரு நோக்கு

கையெழுத்தைக் கொண்டு எழுதியவனை இனங்காணும் தடயவியற்கலை, ஒவ்வொருவனும் தனக்கெனத் தானே எழுதும் சமுதாயமொன்றை எடுகோளாகக் கொண்டது. ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் பழைய ஆவணங்களுக்கு இவ்வெடுகோள் எத்துணை பொருந்தும் என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

ஒருவன் ஒரு சொல்லை இருமுறை எழுதினும் இரண்டும் முற்றாக ஒத்திரா. ஆதலின் நிபுணர், ஐயத்துக்குரிய ஆவணத்தை, அவனுடையவை என உறுதிப்பட்ட பல மாதிரிகளோடு ஒப்பிடுவர். கோடு தொடங்குமிடம், பேனா எடுபடுமிடம், அழுத்தம், சாய்வு, இடைவெளி ஆகியன நோக்கப்படும். பள்ளியிற் பயின்ற வடிவம் பலர்க்கும் பொது. அதினின்றும் கை தன்னையறியாது விலகுமிடமே ஆளைக் காட்டுவது. ணகரத்தின் சுழிகளும், ழகரத்தின் கீழிறக்கமும், புள்ளி விழுமிடமும் தமிழில் இவ்வகையிற் கவனிக்கத்தக்கன. பார்த்து வரைந்த போலியில் வேகம் குன்றிக் கோடு நடுங்கும். இரு கையொப்பங்கள் அணுவும் பிசகாது பொருந்துமாயின், அதுவே ஐயத்துக்குக் காரணமாகும். எனினும் நிபுணரும் வர்க்கச் சார்புகளுக்கும் இனக் காழ்ப்புக்கும் அப்பாற்பட்டவரல்லர். 1894 இல் பிரான்சில் திரைபஸ் மீது பழி சுமத்தப்பட்டபோது, பெர்த்தியோன் அளித்த தவறான கையெழுத்துச் சான்று அதற்குத் துணைநின்றதை நாம் அறிவோம்.

இலங்கையின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு நிபுணரின் அபிப்பிராயத்தையும், 47 ஆம் பிரிவு குறித்த கையெழுத்தைப் பழகியறிந்தவரின் அபிப்பிராயத்தையும் ஏற்கின்றது. தோட்டத்தில் எழுத்தைப் பழகியறிந்தோர் யாவர்? துரை, கணக்கப்பிள்ளை, பெரியகங்காணி. செக்ரோல் அவர்கள் கையில் இருந்தது. தொழிலாளிக்கு எஞ்சியது பெருவிரல்.

கைரேகையின் வரலாறும் இவ்வுற்பத்தி உறவுகளுக்குப் புறம்பானதன்று. 1858 இல் வங்காளத்தில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தமொன்றிற் பெற்றமை, அவர் தம் கையொப்பத்தைப் பின்னர் மறுக்காதிருத்தற் பொருட்டேயாகும். குற்றவாளியைத் தேடுதற்கு முன்னரே, ஒப்பந்தத்தாற் கட்டுண்டவனைப் பிணித்தற்கு அது பயன்பட்டது.

மலையகத்தில் 'துண்டு' இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. குறித்த கடன் செலுத்தப்படின் ஆட்கள் விடுவிக்கப்படுவர் எனத் தோட்டத்துரை ஒப்பமிட்டுக் கொடுத்த தாள் அது. 1921 இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. ஒரு துண்டின் ஒப்பம் உண்மையா போலியா என நிபுணர் கூறவியலும். அக்கடன் உண்மையா என்பதை எழுத்தின் சுழிகள் கூறா.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வினாவை மேலும் கூர்மையாக்கிற்று. அடுத்த ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்கென விண்ணப்பிக்கப்பட்டது. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. தலைமுறைகளாக இம்மண்ணில் உழைத்தோர் தம் வாழ்வைத் தாளினால் நிறுவ வேண்டியவராயினர். எழுதத் தெரியாதவரின் விண்ணப்பத்தில் எழுத்து ஒருவருடையது, விரல் இன்னொருவருடையது. தடயவியல் இரண்டையும் பிரித்தறியவியலும். எழுதியவர் தொழிலாளி சொன்னதைத்தான் எழுதினாரா என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதனை அறிய, தாளை விடுத்து லயத்து மக்களின் வாய்மொழியையும், தொழிற்சங்க ஏடுகளையும், சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்த பாடல்களையும் ஆவணங்களோடு ஒருங்குவைத்து நாம் கற்றல் வேண்டும்.