வாஷிங்டன் என்னும் பெயர் வந்த வழி

வாஷிங்டன் என்றதும் அமெரிக்காவின் தலைநகரம் நமக்கு நினைவுக்கு வரும். இல்லையென்றால் அந்நாட்டின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் நினைவுக்கு வருவார். ஆனால் அமெரிக்காவில் அதைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் யார் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற பெயருடையோர் 163,036 பேர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பின மக்கள். இங்கிலாந்தில் பிறந்த ஒரு பெயர், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினரிடம் எப்படி வந்து சேர்ந்தது? அந்தக் கதையைத்தான் இன்று காணப் போகிறோம்.

நம்மிடையே பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயர்தான் சேர்ந்து வருகிறது. அடையாளக் கார்டில் மகனுக்குப் பக்கத்தில் அப்பா இருப்பார். பேரன் கார்டு எடுக்கும்போது தாத்தாவின் பெயர் அதில் இராது. ஆங்கிலேயர் வழக்கம் வேறு. குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். ஆனால் அவர்களுக்கும் ஆதியிலேயே அப்படி இருந்துவிடவில்லை. ஒரே ஊரில் பத்து ஜான், பத்து வில்லியம் இருந்தால் எவரை எப்படி அழைப்பது? கொல்லு வேலை செய்தவர் ஸ்மித் ஆனார். ஜானுடைய மகன் ஜான்சன் ஆனார். நிலபுலம் உடையவர்கள் தங்கள் ஊரின் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

வாஷிங்டன் அப்படி ஓர் ஊர்ப் பெயர்தான். இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் பகுதியில் இருந்த சிற்றூர் அது. இப்போது சண்டர்லாந்து மாநகரத்தில் அடங்கிவிட்டது. 'டன்' என்று முடிகிற பெயர்கள் பழைய ஆங்கிலத்தில் வேலியிட்ட பண்ணையைக் குறிப்பவை. வாசா என்றொருவரின் மக்கள் குடியிருந்த பண்ணை என்று இந்தப் பெயருக்கு ஆய்வாளர்கள் பொருள் கூறுகிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் என்ற நிலக்கிழார் ஒருவர், ஹார்ட்பர்ன் என்ற இடத்திலிருந்த தம் நிலத்தை டர்ஹாம் பிஷப்பிடம் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக இந்த ஊரைப் பெற்றுக்கொண்டார். அதுவரை ஹார்ட்பர்ன் வில்லியமாக இருந்தவர், அன்று முதல் வாஷிங்டன் வில்லியம் ஆனார். நிலம் கைமாறியதும் பெயரும் மாறிவிட்டது!

அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை தெற்கே நகர்ந்தது. அதில் வந்த லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வணிகர். நார்தாம்டன் நகரத்தின் மேயராகவும் இருந்தவர். எட்டாம் ஹென்றி மன்னர் துறவி மடங்களைக் கலைத்து நிலங்களை விற்றபோது, 1539இல் சல்கிரேவ் என்ற ஊரில் ஒரு மடத்து நிலத்தை வாங்கி வீடு கட்டினார். அந்த வீடு இன்றும் இருக்கிறது. வெள்ளைப் பரப்பில் இரண்டு சிவப்புப் பட்டைகளும் மூன்று சிவப்பு நட்சத்திரங்களும் கொண்டது அக்குடும்பத்தின் சின்னம். அமெரிக்கத் தலைநகரத்தின் கொடி அதைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான்.

அப்படி வாழ்ந்த குடும்பம் ஏன் கடல் கடந்தது? உள்நாட்டுப் போர்தான் காரணம். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் 1642இல் போர் மூண்டது. எஸ்ஸெக்ஸ் பகுதியில் பர்லீ என்ற ஊரின் பாதிரியாராக இருந்தவர் இன்னொரு லாரன்ஸ் வாஷிங்டன். அவர் மன்னர் பக்கம் நிற்கிறார், சாராயக் கடையில் பொழுதைக் கழிக்கிறார் என்று குற்றஞ்சாட்டி 1643இல் பதவியிலிருந்து நீக்கினார்கள். பிள்ளைகள் பலர், வருமானம் போயிற்று. மூத்த மகன் ஜான் பிழைப்புக்காகக் கப்பலேறினார். புகையிலை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டிய அந்தக் கப்பல் 1657இல் வர்ஜீனியாவின் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டி மூழ்கியது. ஜான் அங்கேயே தங்கிவிட்டார். நிலக்கிழார் ஒருவரின் மகளை மணந்துகொண்டார். மாமனார் 700 ஏக்கர் நிலம் கொடுத்தார்.

அன்றைய வர்ஜீனியா முழுவதும் புகையிலைத் தோட்டம். நாற்று நடுவது, புழு எடுப்பது, கொழுந்து கிள்ளுவது, இலையை உலர்த்துவது எல்லாமே கைவேலை. ஆள் வேண்டும். தம் செலவில் ஓர் ஆளைக் கப்பலேற்றி வரவழைப்பவருக்கு 50 ஏக்கர் நிலம் என்று சட்டமே வைத்திருந்தார்கள். முதலில் வந்தவர்கள் ஒப்பந்தத்தில் கட்டுண்ட ஏழை ஆங்கிலேயர்கள். ஒப்பந்தக் கூலி என்றால் என்னவென்று நம் குடும்பங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பிறகு அவர்களை விட மலிவாக, ஆயுள் முழுதும் உழைக்க, ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்கினார்கள்.

ஜானின் கொள்ளுப்பேரன்தான் 1732இல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன். 11 வயதில் தந்தையை இழந்தபோதே பத்து அடிமைகள் அவருக்குச் சொத்தாக வந்தார்கள். விடுதலைப் போரை வென்று நாட்டின் தலைவரான அவருடைய மவுண்ட் வெர்னன் தோட்டத்தில், 1799இல் 317 அடிமைகள் இருந்தனர். அந்த ஆண்டு அவர்களுக்கு ஒரு பட்டியல் எழுதப்பட்டது. பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு அந்தப் பட்டியல் எப்படி இருக்கும் என்று தெரியும். பெரும்பாலும் ஒற்றைப் பெயர்: ஐசக், கிட்டி என்று. கூடவே வயது, வேலை, கணவன் மனைவி விவரம்.

ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளை இல்லை. தமக்குச் சொந்தமான அடிமைகளை விடுவிக்கும்படி அவர் உயில் எழுதினார். அவர்கள் 1801 ஜனவரி முதல் நாள் விடுதலை பெற்றார்கள். மற்றவர்களுள் பெரும்பாலோர் அவர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்து; அவர்களை விடுவிக்க அவருக்கு உரிமை இல்லை. தச்சர் ஐசக் விடுதலையானார். மாட்டுக் கொட்டிலில் பால் வேலை பார்த்த அவர் மனைவி கிட்டியும் பெண்மக்களும் அடிமைகளாகவே நின்றார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு சட்டம்.

அடிமைகள் எல்லாரும் முதலாளியின் பெயரை அப்படியே சூட்டிக்கொண்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மை அன்று. வாஷிங்டனுடன் போர்க்களமெல்லாம் சென்ற வில்லியம் லீ என்பவர், தம்மை முன்னர் வைத்திருந்த லீ குடும்பத்தின் பெயரைத்தான் கடைசிவரை வைத்திருந்தார். ஆனால் ஹாரி என்பவர் வாஷிங்டன் பெயரையே எடுத்துக்கொண்டார், அதுவும் அந்தத் தோட்டத்தை விட்டு ஓடிப்போன பிறகு!

ஹாரியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவின் காம்பியா பகுதியில் பிறந்தவர். 1763இல் ஜார்ஜ் வாஷிங்டன் அவரை விலைக்கு வாங்கிச் சதுப்பு நிலத்தை வடிக்கும் வேலைக்கு விட்டார். 1771இல் தப்பி ஓடிப் பிடிபட்டார். 1776இல் மறுபடி ஓடினார். தங்கள் பக்கம் வரும் அடிமைகளுக்கு விடுதலை என்று பிரிட்டிஷ்காரர்கள் அறிவித்திருந்தார்கள். முதலாளி பிரிட்டிஷாரோடு போரிட, அவர் தோட்டத்து ஆள் பிரிட்டிஷார் பக்கம்! 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறியபோது, ஹாரி வாஷிங்டன், வயது 43, என்று ஏட்டில் முழுப் பெயரோடு பதிவானார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் குளிரும் கல்நிலமும்தான் கிடைத்தன. 1792இல் 15 கப்பல்களில் ஏறத்தாழ 1,200 பேர் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் புறப்பட்டபோது அவரும் போனார். இலவசமாகத் தருவதாகச் சொன்ன நிலத்துக்கு அங்கிருந்த கம்பெனி வரி கேட்டது. 1800இல் குடியேறிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதில் சேர்ந்த ஹாரி ஊரைவிட்டு நாடு கடத்தப்பட்டார்.

அடிமை முறை 1865இல் ஒழிந்தது. அப்போது ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தவர் புக்கர். மேற்கு வர்ஜீனியாவில் விடியற்காலை முதல் ஒன்பது மணிவரை உப்புக் காய்ச்சும் ஆலையில் வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார். அங்கே ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது, மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர், சிலருக்கு மூன்று பெயர். தம்முறை வருவதற்குள் யோசித்துவிட்டு, பிறந்தது முதலே அப்படித்தான் அழைக்கப்பட்டவர்போல் 'புக்கர் வாஷிங்டன்' என்று சொன்னாராம். அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். பின்னாளில் 1881இல் டஸ்கெகீ கல்விக்கூடத்தின் தலைவரான புக்கர் டி. வாஷிங்டன் அவர்தாம்.

1850லும் 1860லும் எடுத்த கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குப் பெரும்பாலும் பெயர் எழுதவில்லை. முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், இவ்வளவுதான். 1870இல்தான் கறுப்பின மக்கள் அனைவரையும் பெயரோடு எழுதினார்கள். தம் முன்னோரைத் தேடுகிற வாஷிங்டன் குடும்பங்கள் பல, அந்த ஆண்டுவரை போய் அதற்கு அப்பால் வழி தெரியாமல் நின்றுவிடுகின்றன. மவுண்ட் வெர்னனில் உழைத்தவர்களின் வழியினருக்கு மட்டும் 1799ஆம் ஆண்டுப் பட்டியல் கைகொடுக்கிறது. அதில் ஒற்றைப் பெயரானாலும் ஒரு பெயர் இருக்கிறது. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய பிள்ளை என்ற குறிப்பும் இருக்கிறது.