ஜவ்வாது மலை வீட்டுக்கு எத்தனை வாட்ஸ்?

ஜமுனாமரத்தூர் பக்கம் வீடு கட்டுகிற நண்பர் கேட்டார்: "டாக்டர், பாட்டும் கேட்கணும், படமும் பார்க்கணும். ஒரே செட். அம்மாவுக்கு டிவி வசனம் சரியா புரியல, அதனால ஆயிரம் வாட்ஸ் வாங்கிடலாம்னு இருக்கேன்."

காது விஷயம். அதனால நான் மூக்கை நுழைக்கலாம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

ஜவ்வாது மலைத் திருவிழாவில் மரத்து மேல குழாய் ஸ்பீக்கர் கட்டினா எதிர் சரிவு வரை பாட்டு கேட்கும். அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் அப்படியொண்ணும் பெரிசா இருக்காது. சூட்சுமம் குழாயில்தான். ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபல்கூடத் தரும். வீட்டு ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 85-ஐ ஒட்டித் தரும். 20 டெசிபல்தானேன்னு நினைக்காதீங்க, அதை ஈடுகட்ட 100 மடங்கு வாட்ஸ் வேணும்!

பேசும் சினிமா வளர்ந்தது இந்தக் குழாய் வழியில்தான். 1926-ல் அமெரிக்காவில் வைட்டாஃபோன் படங்கள் வந்தப்போ வால்வு ஆம்ப்ளிஃபயரின் சக்தி சொற்பம். பெரிய கொட்டகையை நிரப்ப ராட்சதக் குழாய்களை நம்பினார்கள். நம்ம 'காளிதாஸ்' பேசியது 1931-ல்.

வீட்டு ஸ்பீக்கர் வேற வம்சம். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த ரைஸும் கெல்லாக்கும் 1925-ல் விவரித்த அமைப்பு: காந்தத்துக்குள் கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. 1954-ல் எட்கர் வில்ச்சர் அதைச் சின்ன மூடிய பெட்டியில் வெச்சு, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கினார். சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் வந்தது. ஆனா அது வாட்ஸைக் குடித்தது. பெட்டி சின்னதா இருக்கணும், பேஸ் இறங்கணும், குறைஞ்ச வாட்ஸில் சத்தமும் வரணும்னா, மூணில் ரெண்டுதான் கிடைக்கும். இன்னைக்கும் அதே கதைதான். அதனால அட்டைப்பெட்டியில் வாட்ஸைப் பார்க்காதீங்க, சென்சிட்டிவிட்டியைப் பாருங்க. 88 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு ஜோடியை வெச்சு 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தா ஒரு வாட்டுக்கே 80-ஐ ஒட்டி வரும். வெடிச்சத்தம் வர்ற நொடிக்கு 50, 60 வாட்ஸ் தாராளம்.

ஏன் பாட்டுக்கு ரெண்டு, படத்துக்கு அதிகம்? 1933-ல் பெல் ஆய்வுக்கூடம் பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை வாஷிங்டன் அரங்கில் கேட்க வெச்சது, மூணு சேனலில். சினிமா அந்த நடு ஸ்பீக்கரை விடல. ஓரத்து சீட்காரருக்கும் வசனம் திரையிலிருந்தே வரணுமே. ஆனா 1958-ல் கடைக்கு வந்த ஸ்டீரியோ இசைத்தட்டின் பள்ளத்துக்கு ரெண்டு சுவர்தான், அதனால வீட்டு இசை ரெண்டிலேயே நின்னுடுச்சு. 'பிரியா' (1978) பாட்டைக் கேட்க அது போதும். 'குருதிப்புனல்' (1995) டால்பி ஒலியோடு வந்த படம், அதுக்கு மத்ததும் வேணும்.

இப்போ நண்பரின் அம்மா. வயசானா முதல்ல போறது உயர் அதிர்வெண்தான். ச, ட, த மாதிரி மெய்யெழுத்துகள் மங்கும், உயிரெழுத்து கேட்கும். 'சத்தம் கேட்குது, வார்த்தை புரியல'ன்னு சொல்வாங்க. அங்கே ஆயிரம் வாட்ஸ் வெச்சா பின்னணி இசைதான் இன்னும் அலறும், பக்கத்தில் இருக்கிறவங்க காதும் போகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பு எல்லைன்னா, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100-ல் 15 நிமிஷம்தான். உள்காது மயிர்ச்செல்கள் செத்தா திரும்ப முளைக்காது.

இன்னொண்ணு. சென்னையில் ஃபேன், டிராஃபிக்கைத் தாண்டத்தான் வால்யூமை ஏத்துறோம். ஜவ்வாது மலையின் இருட்டுக்காகத்தான் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வெச்சிருக்காங்க. அந்த ஒதுக்குப்புறம் நிசப்தத்தையும் சேர்த்துத் தருது. அங்கே வால்யூம் பாதிகூட வேண்டாம்.

அதனால நண்பருக்குச் சொன்னது: பாட்டுக்கு நல்ல ஜோடி ஒண்ணு, பாதிப் பணம் அதுக்கே. அம்மாவுக்காக நடு ஸ்பீக்கர் ஒண்ணு, ஜோடி செஞ்ச அதே கம்பெனியுது. வசன சேனலை மட்டும் 3, 4 டெசிபல் தனியா ஏத்த முடியுற ஏவி ரிசீவர். சப்வூஃபர் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

இதெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, ஒரு ஆடியோகிராம் எடுத்துடலாம்னும் சொன்னேன். வர்ற செவ்வாய்க்கிழமை வர்றாங்க.